கோல்ஃப் மார்க் 2 ஜிடிஐக்கு மார்க் 4 பின் காலிப்பர்: போட்டு ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் மார்க் 2 (இரண்டாம் தலைமுறை) ஜிடிஐ வைத்துக்கொண்டு பின் பிரேக்கோடு மல்லுக்கட்டுகிறவர்கள், அதே இரும்புக் காலிப்பரை (பேட்டை டிஸ்க் மேல் அழுத்திப் பிடிக்கிற பாகம்) கழற்றிக் கழற்றிப் பழுது பார்ப்பதை விட்டுவிட்டு, மார்க் 4 கோல்ஃபுக்கு வந்த அலுமினியக் காலிப்பரை ஒரு ஜோடி வாங்கிப் போட்டுவிடலாம். சனி ஞாயிறில் முடிகிற வேலை, செலவும் கையைக் கடிக்காது. ஆனால் எதற்காகப் போடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். இதைப் போட்டால் வண்டி பத்தடி முன்னாலேயே நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதனால் கிடைப்பது வேறு. காலை எடுத்தால் பிரேக் விடும், ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் பிடிக்கும், இறக்கினால் மறுபடியும் விடும். முப்பது வருஷம் தாண்டிய வண்டியில் இந்த மூன்றும் ஒழுங்காக நடப்பதே பெரிய விஷயம்.

என்னுடையது 1990ஆம் வருஷத்து எட்டு வால்வ் ஜிடிஐ, 1.8 லிட்டர், 112 குதிரைத்திறன். இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில். மழைக்காலம் எது, வெயில்காலம் எது என்று பிரிக்க முடியாத ஊர். அதைவிட மோசம், குளிர்காலத்தில் ரோட்டில் தூவுகிற உப்பு. இந்த உப்புத் தண்ணீர்தான் மார்க் 2வின் பின் காலிப்பருக்கு எமன். வெயில் நாட்டில் இதே வண்டியை ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாமல் போகலாம்.

மார்க் 1 ஜிடிஐயில் பின்னால் டிரம்தான். மார்க் 2 ஜிடிஐக்கு ஃபோக்ஸ்வாகன் பின்னாலும் டிஸ்க் கொடுத்தது, 226 மில்லிமீட்டர் விட்டம், 10 மில்லிமீட்டர் தடிமன், காற்றுத்துளை இல்லாத திட டிஸ்க். அந்தக் காலத்து ஹேட்ச்பேக்குகளில் அது பெருமையான விஷயம்தான். இதில் ஹேண்ட் பிரேக்கும் காலிப்பருக்குள்ளேயே இருக்கிறது. கேபிள் ஒரு சின்ன நெம்பை (லீவரை) இழுக்கும், நெம்பின் தண்டு காலிப்பருக்குள் நுழைந்து பிஸ்டனைத் தள்ளும். பேட் தேயத் தேயப் பிஸ்டன் தானாக முன்னேற ஒரு திருகு அமைப்பும் உள்ளேயே உண்டு. யோசனை அருமை. ஆனால் அந்தத் தண்டு வெளியே வருகிற இடத்தில் இருக்கிற ரப்பர் சீல் தேய்ந்ததும் தண்ணீர் உள்ளே இறங்குகிறது, சுற்றிலும் இரும்பு, துருப்பிடிக்கக் கேட்கவா வேண்டும். தண்டு இறுகிப்போகும். கேபிள் இழுத்தால் போகிற நெம்பு, விட்டால் திரும்பி வராது. டிஸ்க்கைப் பேட் லேசாக உரசிக்கொண்டே இருக்கும்.

லேசான உரசல்தானே, ஓடி ஓடிச் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறவர்களுக்காகத்தான் அடுத்த விஷயத்தைச் சொல்கிறேன். மார்க் 2வில் பின் டிஸ்க் தனியான தட்டு இல்லை. டிஸ்க்கும் ஹப்பும் ஒரே வார்ப்பு, சக்கர பேரிங் அந்த டிஸ்க்கின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் பேட் உரசிக் கிளம்புகிற சூடு நேராகப் பேரிங்குக்குத்தான் போகும். கிரீஸ் உருகி வெளியே கசியும், கொஞ்ச நாளில் பேரிங் உறுமும், புது பேரிங் போட்டால் அதுவும் சீக்கிரமே உறுமும். பேரிங் தரம் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்களில் பலருக்கு உண்மையான காரணம் காலிப்பர்தான். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் காதைக் கிட்டே வையுங்கள். ஒரே இடத்தில் லேசாக ‘சர்’ என்று உரசினால் பரவாயில்லை. சுற்றிவிட்ட சக்கரம் அரைச் சுற்றில் நின்றுபோனால் விஷயம் முற்றிவிட்டது.

சரி, வழி என்ன? மூன்று வழிகள் இருந்தன. சீல் கிட் வாங்கி நாமே உள்ளே பிரித்துச் சரிசெய்வது ஒன்று. தண்டு ஓடுகிற துளையே துருவில் தின்றுபோயிருந்தால் புது சீல் போட்டும் பயனில்லை, இந்த வயசு வண்டிகளில் பெரும்பாலும் தின்றுபோய்த்தான் இருக்கும். இரண்டாவது, ரீகண்டிஷன் பண்ணிய, அதாவது பழையதையே புதுப்பித்து விற்கிற மார்க் 2 காலிப்பர். அதைத்தான் முதலில் வாங்கினேன். கடைப் பெயர் வேண்டாம். பழைய காலிப்பரைத் திருப்பித் தந்தால் முன்பணத்தைத் தருவோம் என்கிற வழக்கமான ஏற்பாடு. வெளியே பளபளவென்று வெள்ளிப் பெயிண்ட் அடித்து வந்தது. அடுத்த குளிர்காலம் முடிவதற்குள் இடது பக்க நெம்பு பழையபடி பாதியிலேயே நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் தண்டுச் சீல் உட்காருகிற பள்ளத்தில் பழைய துருவின் அரிப்பு அப்படியே இருக்கிறது, அதன் மேலேயே புது சீலை அழுத்திவிட்டிருக்கிறார்கள். எழுதிக் கேட்டதற்கு உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்று ஒரே வரியில் பதில் வந்தது. உயிரோடு விளையாடுகிற பாகம் இது. இதில் இப்படிச் செய்கிறவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மூன்றாவது வழிதான் மார்க் 4 காலிப்பர். நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை, மார்க் 2, மார்க் 3 காரர்கள் பல வருஷமாகச் செய்துவருகிற மாற்றம். மார்க் 4 கோல்ஃபின் பின் காலிப்பர் லூகாஸ் வழியில் வந்தது. லூகாஸ்வாரிட்டியை 1999இல் டிஆர்டபிள்யூ வாங்கியது, அதனால் இன்று டிஆர்டபிள்யூ பெட்டியில் வருவது அந்தப் பரம்பரையின் நேர் வாரிசு. அதே தளத்தில் வந்த அவுடி ஏ3, ஸ்கோடா ஆக்டேவியா, சீட் லியோன் எல்லாம் இதே குடும்பம் என்பதால் பாகத்துக்குப் பஞ்சமே இல்லை, விலையும் அதனால்தான் நியாயமாக இருக்கிறது. ஆர்32 போன்ற வண்டிகளில் காற்றுத்துளை டிஸ்க்கோடு வந்த பெரிய வகை வேறு, அதை வாங்கிவிடாதீர்கள். நமக்குத் தேவை சாதாரண மார்க் 4இன் திட டிஸ்க்குக்கு உரியது. வாங்கும்போதே இடது, வலது பார்த்து வாங்குங்கள். காற்றை வெளியேற்றத் திறக்கிற பிளீட் நிப்பிள் மேல் பக்கம் வரவேண்டும், மாறிப் போட்டால் உள்ளே காற்று தங்கிவிடும், என்ன செய்தாலும் வெளியே வராது.

நான் வாங்கியது புதிது, ரீகண்டிஷன் இல்லை. ஜோடி 150 பவுண்டுக்குள் வந்தது. ஹோஸ், வாஷர், போல்ட், பிரேக் ஆயில் எல்லாம் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். பெட்டியைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது எடைதான். பழையதை ஒரு கையிலும் புதியதை இன்னொரு கையிலும் பிடித்தால் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. சஸ்பென்ஷனுக்குக் கீழே தொங்குகிற எடை குறைவது நல்லதுதான், ஆனால் ஓட்டும்போது அதை உணர்கிறேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

நான் பார்த்தது நெம்பைத்தான். ஸ்குரூ டிரைவர் முனையால் நெம்பைத் தள்ளிவிட்டு விட்டேன். ‘டக்’ என்று ஸ்டாப்பரில் வந்து மோதியது. மெதுவாகத் தள்ளி மெதுவாக விட்டாலும் அதே ‘டக்’, நடுவில் எங்கேயும் தயங்கவில்லை. வெளியே தெரிகிற சுருள் ஸ்பிரிங் திடமாக இருக்கிறது, தண்டைச் சுற்றிய சீல் நல்ல தடிமனாக, உள்ளே பதிந்து உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் எந்தக் கடையில் எந்தப் பிராண்டு வாங்கினாலும் வண்டியில் மாட்டுவதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். இரண்டு நெம்பும் ஒரே மாதிரி திரும்ப வேண்டும். ஒன்று சுறுசுறுப்பாகவும் மற்றது சோம்பலாகவும் வந்தால் யோசிக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பொருத்துவதில் பெரிய வசதி, மார்க் 2வின் பழைய கேரியர் (காலிப்பரையும் பேட்டையும் தாங்குகிற சட்டம்) அப்படியே இருக்கும். டிஸ்க்கும் அதே 226தான். மார்க் 4 காலிப்பர் அந்தக் கேரியர் மேலேயே உட்காருகிறது. ஆனால் கேரியர் பழையது என்பதால் அதற்குக் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். பேட் நகர்கிற தடத்தில் துரு ஏறி உப்பியிருக்கும், கம்பிப் பிரஷ் போட்டு, தேவைப்பட்டால் அரம் போட்டு, பேட் விரலால் தள்ளினாலே நகர்கிற அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும். காலிப்பர் நகர்வதற்கு வழிவிடுகிற கைடு பின் இரண்டையும் வெளியே இழுத்துத் துடைத்து, ரப்பருக்கு ஒத்துவருகிற சிலிக்கோன் கிரீஸ் போடுங்கள். கையில் கிடைத்த சாதாரண கிரீஸைப் போட்டால் ரப்பர் உப்பிவிடும், கைடு பின் இறுகிவிடும், புதுக் காலிப்பர் போட்டும் பழைய கதைதான். கைடு பின் போல்ட்டை 35 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். அது ஒருமுறை மட்டுமே போடுகிற வகை, புதிதாக வாங்கிப் போடுங்கள்.

ஹோஸ்தான் மாறும். மார்க் 2 காலிப்பரில் பிரேக் லைன் நேராகத் திருகி உள்ளே இறங்கும், மார்க் 4இல் பாஞ்சோ போல்ட், அதாவது நடுவில் ஆயில் போகத் துளையுள்ள போல்ட். அதனால் ஒரு முனையில் பாஞ்சோ உள்ள ஹோஸ் வேண்டும். மார்க் 2வில் மார்க் 4 காலிப்பர் போடுகிறவர்களுக்கென்றே ஸ்டீல் பின்னல் ஹோஸ் செட் விற்கிறார்கள், நான் அதை வாங்கினேன். பாஞ்சோவுக்கு இரண்டு பக்கமும் புதுச் செம்பு வாஷர். காலிப்பர் அலுமினியம் என்பதை மறந்து பழைய இரும்புக் காலிப்பரில் இழுத்த மாதிரி இழுத்தால் மரை போய்விடும். வண்டியின் பக்கம் இருக்கிற பைப் நட்டு 11 மில்லிமீட்டர், அதைச் சாதாரண ஸ்பேனரால் தொடவே தொடாதீர்கள். பிரேக் பைப்புக்கென்று இருக்கிற வாய் பிளந்த ரிங் ஸ்பேனர்தான் போட வேண்டும். அந்த நட்டும் பைப்பும் துருவில் ஒன்றாக ஒட்டியிருந்தால் நட்டோடு சேர்ந்து பைப்பும் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் செம்பு நிக்கல் பைப் வாங்கி முனை விரித்துப் புது லைன் போடுவதைத் தவிர வழியில்லை. முந்தின நாளே துரு நீக்கி எண்ணெய் அடித்து ஊறவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

ஹேண்ட் பிரேக் கேபிள் பற்றி ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள், காரணம் வருஷத்துக்கு வருஷம் கேபிள் முனை கொஞ்சம் மாறியிருக்கிறது. கேபிள் உறையின் முனை காலிப்பர் பிராக்கெட்டின் ஓட்டையில் முழுசாக உட்கார்ந்து கிளிப் பூட்டிக்கொள்ள வேண்டும். கிளிப் பெட்டியில் வரவில்லை, தனியாக வாங்கினேன். இவ்வளவு விலைக்கு ஒரு கிளிப்பைச் சேர்த்துத் தந்திருக்கலாம்.

இந்த மொத்த வேலையிலும் பலர் கோட்டை விடுகிற இடம் பிளீடிங், அதாவது பிரேக் லைனில் இருக்கிற காற்றை வெளியேற்றுவது. காலிப்பரை மாட்டுவதற்கு முன்பே அதைக் கையில் பிடித்துப் பிரேக் ஆயில் ஊற்றி நிரப்பி, உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்றிவிட வேண்டும். அது பாதி வேலையைக் குறைக்கும். மீதிப் பாதி பிரஷர் ரெகுலேட்டர். மார்க் 2 ஜிடிஐயில் பின் ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் ஒரு வால்வு இருக்கும், அதன் நெம்பு ஒரு ஸ்பிரிங்கால் ஆக்ஸிலோடு கட்டியிருக்கும். பின்பக்கம் எடை இருந்தால் வண்டி தாழும், ஸ்பிரிங் இழுக்கும், வால்வு திறக்கும், பின் பிரேக்குக்கு அழுத்தம் தாராளமாகப் போகும். பின்பக்கம் காலியாக இருந்தால், அல்லது பிரேக் போட்டு மூக்கு குனிந்து பின்பக்கம் தூக்கினால், வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும். கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல் ஒரு ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு இவ்வளவு வேலையைச் செய்கிற அந்த அமைப்பின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றியதும் பின் சக்கரங்கள் தொங்கிவிடும், ஸ்பிரிங் தளர்ந்துவிடும், வால்வு தன் வேலையைப் பார்க்கும். நீங்கள் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தாலும் பின்னால் ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், காற்று முழுசாக வராது. அதனால் ஒருவர் மிதிக்கும்போது இன்னொருவர் அந்த நெம்பை ஆக்ஸில் பக்கமாகத் தள்ளிப் பிடிக்க வேண்டும். வரிசை: பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது.

பிரேக் ஆயில் டாட் 4 என்கிற வகையே போதும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். டாட் 5.1 போட்டாலும் தப்பில்லை. டாட் 5 என்பது சிலிக்கோன், அது வேறு சாதி, பக்கத்திலேயே கொண்டு போகாதீர்கள்.

பிளீடிங் முடிந்ததும் உடனே கேபிளை இழுத்துக் கட்டத் தோன்றும். கட்டாதீர்கள். கேபிளைத் தளர்வாக விட்டுவிட்டு முதலில் பெடலை நிறைய தடவை மிதியுங்கள், உள்ளே இருக்கிற திருகு அமைப்பு பிஸ்டனைத் தன் இடத்துக்குக் கொண்டுவரட்டும். அதற்குப் பிறகுதான் ஹேண்ட் பிரேக்குக்குக் கீழே இருக்கிற இரண்டு நட்டையும் திருகி, இரண்டு பக்கத்து நெம்பும் ஸ்டாப்பரில் தொட்டபடியே இருக்கிற மாதிரி கேபிளின் தொய்வை மட்டும் எடுக்க வேண்டும். கேபிளை அதிகமாக இழுத்துக் கட்டி நெம்பு ஸ்டாப்பரைவிட்டு நகர்ந்தே இருந்தால் அந்தத் தானியங்கித் திருகு வேலை செய்யாது. பேட் தேயும், இடைவெளி கூடும், பெடல் நாளுக்கு நாள் கீழே போகும். மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று அதை மாற்றி, அதற்கும் சரியாகாமல் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் முதலில் காருக்கு அடியில் போய் இந்த நெம்பைப் பார்க்க வேண்டும். பேட் மாற்றும்போதும் பிஸ்டனை சி கிளாம்ப் போட்டு அழுத்தாதீர்கள், அந்தத் திருகு நொறுங்கிவிடும். அழுத்திக்கொண்டே திருகி உள்ளே அனுப்புகிற கருவி வேண்டும், விலை அதிகமில்லை.

ஓட்டுவது எப்படி இருக்கிறது? பெடல் மேலேயே பிடிக்கிறது, காலுக்குக் கீழே கெட்டியாக இருக்கிறது. இதில் புது ஹோஸுக்கும் புது ஆயிலுக்கும் எவ்வளவு பங்கு, காலிப்பருக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது, எல்லாம் ஒன்றாக மாறியிருக்கின்றன. ஹேண்ட் பிரேக்கில்தான் பெரிய நிம்மதி. முன்பெல்லாம் மேட்டில் நிறுத்தும்போது கியரில் போட்டுவிட்டு, டயரைப் பாதையோரக் கல்லில் முட்டவைத்துத்தான் இறங்குவேன். இப்போது அந்தப் பயம் இல்லை. ஓடிவிட்டு வந்து வெப்பமானியைப் பின் டிஸ்க் இரண்டிலும் காட்டினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடு. முன்பு இடது பக்கம் தனியாகக் கொதிக்கும், சக்கரத்திலிருந்து கருகின பேட் வாசனை வரும். பேரிங் உறுமலும் அதற்குப் பிறகு வரவில்லை.

பிரிட்டனில் வருஷாவருஷம் நடக்கிற வண்டித் தகுதிச் சோதனையான எம்ஓடியிலும் இதன் பலன் நேராகத் தெரியும். பிரேக் ஆயில் இரண்டு தனித்தனிச் சர்க்யூட்டில் ஓடுகிற காருக்கு ஹேண்ட் பிரேக் குறைந்தது 16 சதவீதத் திறன் காட்ட வேண்டும். கால் பிரேக்கில் ஒரே ஆக்ஸிலின் இரண்டு பக்கத்துக்கும் இடையே வித்தியாசம் 30 சதவீதத்துக்கு மேல் போனால் தோல்வி. பழைய காலிப்பரோடு போகும்போது ஒரு பக்கம் இழுக்க மறுபக்கம் சும்மா இருக்க, பிரேக்கை அளக்கிற ரோலர் மேல் வண்டி நிற்கிற அந்த நேரம் வயிற்றில் புளியைக் கரைக்கும். இப்போது இரண்டு பக்கமும் சேர்ந்து பிடிக்கின்றன. நாற்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு இங்கே எம்ஓடி கட்டாயமில்லை, முதல் மார்க் 2 ஜிடிஐகள் அந்த வயதைத் தொட்டுவிட்டன. கட்டாயமில்லை என்றாலும் வருஷம் ஒருமுறை ரோலரில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள், அந்தத் தகவல் வேறு எங்கும் கிடைக்காது.

இந்த வேலையைச் செய்யப்போகிறேன் என்றதும் பலர் கேட்டது, செய்வதுதான் செய்கிறீர்கள், பெரிய டிஸ்க்காகப் போட்டுவிடலாமே என்பது. மார்க் 4இன் 232, அதற்கும் மேலே 256 என்று ஆசைகாட்ட நிறைய இருக்கிறது. நான் போடவில்லை, உங்களையும் போடச் சொல்லமாட்டேன். இந்த வண்டி ஏறத்தாழ ஒரு டன், அதில் பெரும்பங்கு என்ஜின் பக்கம் இருக்கிறது. ஓங்கிப் பிரேக் போட்டால் மிச்சமிருக்கிற எடையும் முன்னால் பாய்கிறது. அந்த நேரத்தில் பின் டயர் ரோட்டைத் தொட்டும் தொடாமலும்தான் இருக்கும். வளைவில் வேகமாகப் போனால் பின்பக்க உள் சக்கரம் ரோட்டைவிட்டுத் தூக்குவது கோல்ஃப் ஜிடிஐயின் அடையாளமே. அப்படிப்பட்ட டயருக்குப் பெரிய பிரேக் கொடுத்தால் அது முதலில் லாக் ஆகும். முன் சக்கரம் லாக் ஆனால் வண்டி நேராகச் சறுக்கும், காலை எடுத்தால் ஸ்டியரிங் திரும்பக் கிடைக்கும். பின் சக்கரம் லாக் ஆனால் வால் முன்னால் வர ஆரம்பித்துவிடும், அதைப் பிடிக்கச் சாதாரண ஓட்டுநருக்கு நேரம் இருக்காது. மழையில், வளைவில் என்றால் சொல்லவே வேண்டாம். ஐரோப்பிய பிரேக் விதிகள் முன் சக்கரம் முதலில் லாக் ஆகிற மாதிரி கார் செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. பின் பிரேக் ஏற்கனவே குறைவாகத்தான் உழைக்கிறது. அதைப் பெரிதாக்கினால் இன்னும் குறைவாக உழைக்கும், பேட் சூடே ஏறாது, டிஸ்க் மேல் துரு படலமாகப் படியும். நிறுத்தும் திறனைக் கூட்டத்தான் வேண்டுமென்றால் முன்னால் செலவு செய்யுங்கள். சூப்பர்சார்ஜர் வைத்த ஜி60 வகையில் வந்த 280 மில்லிமீட்டர் முன் பிரேக் இந்த வண்டிகளில் போடுவது வழக்கம், அதற்கேற்ற வீல் அளவு இருக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னால் பேட்கூடத் தரமான சாதாரண வகையே போதும். ரேஸ் பேட்டைப் பின்னால் போட்டு, ரெகுலேட்டரையும் கழற்றி எறிந்துவிட்டுப் பெருமை பேசுகிறவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. வண்டியைத் தாழ்த்தியவர்கள்கூட அந்த ரெகுலேட்டர் ஸ்பிரிங்கை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், தாழ்ந்த வண்டியைப் பின்னால் பாரம் ஏற்றிய வண்டி என்று அது நினைத்துக்கொள்ளும்.

குறை இல்லாமல் இல்லை. மார்க் 4 காலிப்பரும் சாகாவரம் பெற்றதல்ல. மார்க் 4 கோல்ஃப் வைத்திருந்தவர்களைக் கேளுங்கள், அதிலும் ஹேண்ட் பிரேக் நெம்பு வருஷங்கள் போனால் இறுகும். மார்க் 2 காலிப்பரைவிட அதிக நாள் தாங்கும் என்பதுதான் என் எதிர்பார்ப்பு, வருஷம் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி நெம்பு திரும்புகிறதா என்று பார்ப்பதை நான் விடப்போவதில்லை. அலுமினியத்தில் ஸ்டீல் நிப்பிள் உப்புக்கு ஒட்டிக்கொள்ளும், அதன் ரப்பர் மூடி தொலைந்தால் உடனே இன்னொன்று போடுங்கள். வண்டி அப்படியே ஃபேக்டரியில் வந்த மாதிரி இருக்க வேண்டும் என்கிறவர்களுக்கு அந்த வெள்ளை அலுமினியம் கண்ணை உறுத்தும், அவர்கள் நல்ல கையில் கொடுத்துப் பழையதையே புதுப்பித்துக்கொள்வதுதான் சரி. பிரேக் பிரித்துப் பழக்கமில்லாதவர்கள் இதைத் தொடக்கப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தெரிந்த மெக்கானிக்கிடம் பாகங்களோடு போங்கள், ரெகுலேட்டர் நெம்பைப் பற்றி மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.

இங்கே பிரிட்டனில் இருக்கிறவர்கள் இன்ஷூரன்ஸ்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள், இதுவும் மாற்றம்தான். ஜெர்மனியில் இருக்கிற நண்பர்களுக்கு இது இன்னும் கறார். பிரேக்கில் கைவைத்தால் அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் காட்டி வண்டி ஆவணத்தில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ரோட்டில் ஓடும் தகுதியையே இழந்துவிடும். அதனால் அங்கே பாகம் வாங்குவதற்கு முன்பே சோதனை அதிகாரியிடம் பேசிவிடுவது நல்லது, எந்த ஹோஸ், எந்தக் காலிப்பர், அதற்கு என்ன சான்றிதழ் என்று அவர் கேட்பதைக் கேட்டுக்கொண்டு அதற்கேற்ப வாங்கினால் பணம் வீணாகாது.